குடும்பப் படத்துக்கு எதை உடுப்பது?



வீட்டில் ஒரு கலியாணமோ சாமத்தியச் சடங்கோ வந்தால், வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து நின்றால், "எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுப்பம்" என்ற பேச்சு எழும். பிள்ளைகளுக்கு உடுப்புத் தேடுவது பெரிய வேலையல்ல. அம்மா எதை உடுப்பது, எங்கே நிற்பது என்பதில்தான் எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது.

2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கைவிட்ட பெட்டிகளோடு அல்பங்களும் போயின. கலியாணப் படம்கூட மிஞ்சாத வீடுகள் வன்னியில் பல. அந்த வீடுகளுக்கு இனி எடுக்கும் படமே முதற்படம். பேரப்பிள்ளைகள் எங்களை அறியப்போவது அதில்தான். அதனால்தான் உடுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்று நினைத்தேன்.

கணவர் காணாமற்போன ஒரு சகோதரி, மகளின் சடங்குப் படத்துக்கென்று அரக்குச் சிவப்புச் சாறி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்திதான், "பொட்டும் வைக்கப் போறியோ?" என்று கேட்டாள். சாறி திரும்பவும் பெட்டிக்குள் போனது. அந்தப் படத்தில் அவர் சாம்பல் நிறச் சாறியுடன் கரையில் நிற்கிறார். பிள்ளையைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர் அவர். நடுக்கதிரையில் இருப்பது அந்தக் கேள்வி கேட்டவளின் கணவர்.

எனக்கு இதில் கோபம் உண்டு. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று யார் தீர்ப்புச் சொன்னது? இறப்புச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்கு, "காணவில்லை" என்றே பதிந்து தரும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. சட்டமே முடித்துச் சொல்லாததை உறவுக்காரி சாறி நிறத்தில் முடித்துவைக்கலாமோ? கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரைப் பாருங்கள். பிள்ளைகளின் படங்களை மழையிலும் வெயிலிலும் நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். அந்தப் படங்களுக்கு மாலை போடவில்லை. பிள்ளையின் படத்துக்கு மாலை போடாத தாயின் மருமகள் மட்டும் ஏன் வெளிறிய சாறி உடுக்க வேண்டும்?

ஆர்ஜென்டினாவிலும் இராணுவ ஆட்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 1977 ஏப்ரல் 30 முதல் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினார்கள். பிறகு வெள்ளைத் துணியைத் தலையில் கட்டத் தொடங்கினார்கள். முதலில் கட்டியது குழந்தைக்குப் பாவித்த அணைத்துணி. அவர்களுடைய வெள்ளை "என் பிள்ளை எங்கே?" என்று கேட்டது. எங்கள் ஊர் வெள்ளையோ கேள்வியை நிறுத்தச் சொல்கிறது.

கணவர் இறந்தது உறுதியானவர்களுக்கும் நான் வேறு கதை சொல்லப்போவதில்லை. விருப்பமான நிறத்தை உடுங்கள். பொட்டு வைக்க மனம் இல்லையென்றால் வைக்க வேண்டாம், அதுவும் உங்கள் விருப்பம். மற்றவர் வாய்க்குப் பயந்து மட்டும் தீர்மானிக்காதீர்கள்.

இனி உடுப்பு. இதற்கென்று கடன் எடுக்க வேண்டாம். நுண்கடன் கிழமைக்காசு கட்டிக் களைத்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் ஒரே நிறம் உடுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. படத்தில் ஆளோடு ஆள் ஒட்டிக்கொண்டது போலிருக்கும். ஒன்றுக்கொன்று இசைந்த இரண்டு மூன்று நிறங்கள் போதும். நெருக்கமான சிறு கோடும் சிறு கட்டமும் உள்ள சேட்டுகள் டிஜிற்றல் கமெராவில் அலையலையாகத் தெரியும், அவற்றைத் தவிருங்கள். ஸ்ரூடியோவில் பின்னால் என்ன நிறத் திரை என்று முதலிலேயே கேளுங்கள். பச்சைத் திரை வைத்துக் கணினியில் பின்னணி மாற்றுபவர்களிடம் பச்சைச் சாறியோடு போனால் சாறியும் சேர்ந்து மறைந்துவிடும்!

இல்லாதவரின் பழைய படத்தைக் கணினியில் சேர்த்துத் தருவார்கள். மனதுக்கு ஆறுதலென்றால் செய்யுங்கள். ஆனால் மூலப்படத்தை மாற்றாமல் தனியே வைத்திருங்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு விசாரணைக்கோ சேர்த்த படத்தைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமானது. தாய்மார் கையில் வைத்திருப்பவற்றில் பல, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தவை. அவற்றில் முகம் மட்டுந்தான். செம்மணியில் தோண்டி எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் 2025 ஆகஸ்ட் 5இல் நீதிமன்ற உத்தரவின்படி மக்களுக்குக் காட்டினார்கள், யாராவது அடையாளம் காணக்கூடும் என்று. ஒரு சட்டையின் நிறம், பொத்தான், தைத்த கை, இவையெல்லாம் தாய்க்குத்தான் தெரியும். பழைய படத்தில் உடுப்புத் தெரிந்தால் அதை வெட்டிச் சிறிதாக்காதீர்கள். புதுப்படம் எடுக்கும்போதும், பட்டு உடுத்தி ஒன்று எடுத்தபின், வீட்டில் வழமையாக உடுப்பதோடு கால்வரை தெரிய ஒன்று எடுங்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். படத்தின் பிரதியொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும், கைபேசியிலும் இருக்கட்டும். பின்பக்கத்தில் பெயர்களையும் திகதியையும், அந்தச் சாறி யார் தந்தது என்பதையும் அழுத்தாமல் எழுதுங்கள். லமினேற் பண்ணக் கொடுப்பதற்கு முதலே எழுதிவிட வேண்டும்.