மதில் போயிற்று, வீடு எங்கே?

லண்டன் நகரின் வடக்கே அரண்மனை போன்ற முகப்புடன் ஒரு கட்டிடம் நிற்கிறது. இன்று அது வசதி படைத்தவர்களின் சொகுசுக் குடியிருப்பு. அது எழுப்பப்பட்டதோ ஏழை மனநோயாளிகளுக்காக! கால்னி ஹாட்ச் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பது அதன் பழைய பெயர்.

ஒவ்வொரு மாவட்டமும் ஏழை மனநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்டவேண்டும் என்று 1845ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. 1849ல் விக்டோரியா ராணியின் கணவரே இங்கே அஸ்திவாரக்கல் நாட்டினார். 1851ல் சுமார் 1,250 பேருக்கென்று திறந்தார்கள்.

குணப்படுத்தத்தான் கட்டினார்கள். ஆனால் ஆலைக்கும் வயலுக்கும் உதவாதவர் என்று கழிக்கப்பட்ட முதியோரும், தீராத நோயாளிகளும் வந்து குவிந்தனர். பண்ணையிலும் சலவைக் கூடத்திலும் நோயாளிகளே உழைத்தார்கள். இடம் போதவில்லை, மரக் கொட்டகை போட்டார்கள். 1903 ஜனவரியில் அந்தக் கொட்டகை தீப்பற்றியது. 50க்கும் மேற்பட்ட பெண்கள் கருகி மாண்டனர்!

பின்னர் ஃபிரையர்ன் ஆஸ்பத்திரி என்று பெயர் மாறியது. நிலைமை மாறியதா? 1965ல் பார்பரா ராப் என்ற மாது அங்கே போய்ப் பார்த்தார். மூதாட்டிகளிடம் மூக்குக்கண்ணாடி இல்லை, பல்செட் இல்லை, காதுக்கருவியும் இல்லை. 1967ல் அவர் வெளியிட்ட புத்தகம் நாட்டையே உலுக்கியது.

இத்தகைய ஆஸ்பத்திரிகளை மூடவேண்டும் என்று 1961லேயே சுகாதார மந்திரி ஈனோக் பவல் அறிவித்திருந்தார். ஃபிரையர்ன் 1993ல் மூடப்பட்டது. மூடியது தவறா? தவறே அல்ல. வெளியேறிய நீண்டகால நோயாளிகளை ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். தங்க வீடும், உதவிக்கு ஆளும் கிடைத்த அவர்களில் பெரும்பாலோர் வெளியே வாழ்வதையே விரும்பினர். அப்படியானால் இத்தனை காலம் அவர்களை அடைத்து வைத்தது எதற்காக?

ஆனால் நாடு முழுவதும் அந்த வீடும் ஆளும் கிடைத்தனவா? படுக்கைகள் மூடப்படும் வேகத்தில் வெளியே வசதிகள் பெருகவில்லை என்று 1986ல் பிரிட்டனின் தணிக்கைக் கமிஷனே எழுதியது. மதிலை அகற்றச் செலவு குறைவு. அதற்குப் பதிலாக வீடும் வைத்தியமும் துணையும் தரத்தான் பணம் வேண்டும். அந்தப் பணத்தில்தான் சர்க்கார் கை வைத்தது.

தோழர்களே! உழைத்து ஓய்ந்தவனுக்கும் மனம் உடைந்தவனுக்கும் கொட்டடியும் வேண்டாம், நடுத்தெருவும் வேண்டாம். வீடும் வைத்தியமும் பிச்சையல்ல, உரிமை. ஆஸ்பத்திரியை மூடப்போகிறோம் என்று எந்த சர்க்கார் சொன்னாலும் முதலில் கேட்போம்: உள்ளே இருப்பவர்களுக்கு வீடு எங்கே?