முடிவில்லா ஓட்டமும் எங்கள் ஓட்டமும்

ஓட்டப் பந்தயம் என்றால் தொடக்கக் கோடு ஒன்றும் முடிவுக் கோடு ஒன்றும் இருக்கும். ஆனால் முடிவுக் கோடே இல்லாத ஓட்டம் ஒன்று நம் சிவகிரியில் மாலை வேளைகளில் அப்பாவின் கைப்பேசியிலும் அண்ணனின் கைப்பேசியிலும் நடந்துகொண்டிருக்கிறது. 'டெம்பிள் ரன்', 'சப்வே சர்ஃபர்ஸ்' ஆகிய விளையாட்டுகளையே கூறுகிறோம்.

இவற்றை அறியாத பெற்றோருக்காகச் சிறிது விளக்குவோம். 'டெம்பிள் ரன்' 2011-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கணவனும் மனைவியும் நடத்திய ஒரு சிறு நிறுவனத்தில் உருவானது. பழங்கோயில் ஒன்றிலிருந்து சிலையைத் திருடிக்கொண்டு ஒருவன் ஓடுவான். பூதக் குரங்குகள் அவனைத் துரத்தும். (நம் நாட்டில் என்றால் குரங்குகளுக்கு முன்னே போலீசார் வந்திருப்பர்!) அதன் இரண்டாம் பாகம் 2013-இல் வந்தது. 'சப்வே சர்ஃபர்ஸ்' 2012-இல் டென்மார்க்கில் பிறந்தது. ரயில் நிலையத்தில் வண்ணம் தீட்டிய சிறுவனைக் காவலரும் அவருடைய நாயும் தண்டவாளம் நெடுகத் துரத்துவர். 2018-இல், கூகுள் பிளேயில் நூறு கோடிப் பதிவிறக்கங்களைக் கடந்த முதல் விளையாட்டு என்ற பெயரை இது பெற்றது.

கபடிக்கு விசில் உண்டு. திரைப்படத்துக்குச் 'சுபம்' உண்டு. இந்த ஓட்டத்துக்கோ வெற்றி என்பதே இல்லை. விழுவது ஒன்றே முடிவு. நேரம் செல்லச் செல்ல வேகம் கூடும். எத்தகைய கெட்டிக்காரியும் எங்கேனும் மோதித்தான் ஆக வேண்டும். விழுந்த உடனே, "ஒரு விளம்பரம் பார்த்தால் மீண்டும் எழுந்து ஓடலாம்" என்று அது ஆசை காட்டும். நாள்தோறும் ஒரு வேலை கொடுத்து மறுநாளும் வரவழைக்கும். விளையாடக் காசு வேண்டாம் என்பது உண்மையே. ஆனால் எங்கள் நேரமே அதற்கு விலையாகிறது. நிறுத்தும் இடத்தை அது வைக்கவில்லை. ஆகவே அதை நாங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இது இயலாத காரியமன்று. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குட்டிஸ், 2006-இல் இறந்தபோது அவருக்கு எங்கள் வயதுதான்: பதினைந்து. கணினியில் வல்லவர், வீடியோ விளையாட்டிலும் விருப்பமுள்ளவர். ஆயினும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே விளையாடுவதென்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். விளையாட்டை அவர் வெறுக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தம் கையாலேயே வரைந்தார்.

எங்கள் கடமையைக் கூறிவிட்டோம். இனிப் பெரியோர்களிடம் பணிவுடன் ஒன்று கேட்கிறோம். "எப்பொழுது பார்த்தாலும் கைப்பேசியில் ஓட்டமா?" என்று கடிந்துகொள்கிறீர்கள். வேறு எங்கே ஓடுவது? ஐந்தாம் வகுப்பு வரை தெருவெல்லாம் ஓடினோம். பின்னர், "பெரிய பிள்ளை ஆன பிறகு ஓட்டம் என்ன, குதி என்ன?" என்றீர்கள். தம்பிமார் மாலையில் பந்தும் மட்டையுமாகப் புறப்படுகின்றனர். நாங்கள் வாசற்படியோடு நின்றுவிடுகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கமும் பல பள்ளிகளில் உண்டு. 'சப்வே சர்ஃபர்ஸ்' விளையாட்டில் ட்ரிக்கி என்ற சிறுமியும் ஓடுகிறாள். "பெண் பிள்ளை ஓடலாமா?" என்று அங்கே அவளை எவரும் கேட்பதில்லை.

பெண்கள் ஓடியதால் நாட்டுக்குக் கிடைத்த பெருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 வினாடிகளில் ஓடி, நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அவரது அந்தத் தேசியச் சாதனையை 39 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே 55.42 வினாடிகளில் ஓடிச் சமன் செய்தவர் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ். மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலமும் வென்றார். முடிவுக் கோடு இருந்ததனால் அன்றோ அந்த நூற்றில் ஒரு பங்குக்கும் மதிப்பு வந்தது! கைப்பேசியில் கோடி நாணயம் சேர்த்தாலும் மூச்சு வாங்குமா, கால் உரம் பெறுமா?

நாங்கள் அனைவரும் உஷாவாகவோ வித்யாவாகவோ ஆகிவிடுவோம் என்று கூறவில்லை. பள்ளி விட்டபின் அரை மணி நேரம் மைதானத்தில் ஓட அனுமதி தாருங்கள், அருட்சகோதரிகளே. அந்த அரை மணி நேரம் தாமதமாக வீடு திரும்பினால் கோபியாதீர்கள், அன்புப் பெற்றோரே. விளையாட்டு வகுப்பை எங்களுக்கே விட்டுவிடுங்கள், ஆசிரியப் பெருமக்களே. ஓடிக் களைத்து வரும் பெண்ணுக்குக் கைப்பேசியைக் கீழே வைப்பது கடினமாயிராது.