குப்பை யாருடையது?



பழைய சேலை பையாகிறது, கிழிந்த டயர் டியூப் பெல்ட்டாகிறது, பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் பாய் நெய்கிறார்கள். இதற்கு ‘அப்சைக்கிளிங்’ என்று பெயர். நடத்துகிறவர்களுக்குச் சமூகத் தொழில்முனைவோர் என்று பெயர். கல்லூரியில் கருத்தரங்கு, நகரத்தில் கண்காட்சி, அப்புறம் விருது. நடக்கட்டும். கழிவிலிருந்து பண்டம் செய்வதை ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேசும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும் என்று பத்தாம் அத்தியாயத்திலேயே எழுதிவைத்தான் மனு. ஊர்க்கழிவைச் சுமப்பதும் அதிலேயே பிழைப்பதும் இங்கே சாதிச் சட்டம். அந்த நூலை 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் கொளுத்தினார். குப்பை இன்னும் நம்ம சனங்க தலையிலதான் இருக்கு.

ஆகவே இந்த நிறுவனங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பொறுக்குகிற பெண்ணுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லும் பலம் இதனால் வந்ததா?

இந்தக் கேள்வியோடு புனே நகரத்தைப் பாருங்கள். அங்கே குப்பை பொறுக்குவோர் 1993இல் ‘காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்’ என்று தொழிற்சங்கம் கட்டினார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. பெரும்பாலோர் தலித் பெண்கள். மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை வாங்கினார்கள். 2008இல் ‘ஸ்வச்’ என்ற அவர்களுடைய கூட்டுறவு, வீடுவீடாகக் குப்பை எடுக்க மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்காரர் தரும் கட்டணமும், பொறுக்கியதை விற்ற காசும் அவர்களுக்கே.

குப்பையைப் பிரிக்கும்போது நாப்கின்கள் வெறுமனே கிடக்கும், கையெல்லாம் ரத்தம். சுற்றிப் போடுங்கம்மா என்று கேட்டுப் பார்த்தார்கள். பழைய செய்தித்தாளை மடித்துத் தாங்களே பை செய்தும் விற்றார்கள். அப்சைக்கிளிங்தான். இத்தோடு நின்றிருந்தால், அடுத்தவர் கழிவை அள்ளுவதோடு அதற்கு உறையும் நாமே செய்து கொடுத்த கதையாகியிருக்கும். அவர்கள் நிற்கவில்லை. 2013 மகளிர் தினத்தையொட்டி, பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரிக்கும் பெருங்கம்பெனிகளுக்கே அனுப்பிவைத்தார்கள். லாபம் உனக்கு, நாற்றம் எனக்கா என்பதுதான் அதன் பொருள். உறை கொடுப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளில் எழுதப்பட்டது.

சங்கம் இல்லாத இடத்திலிருந்து அந்த மூட்டை கிளம்பியிருக்குமா? நிதி கொடுக்கிற கம்பெனியின் வாசலில் அதை இறக்க எந்தத் தொண்டு நிறுவனம் துணியும்? அடுத்த வருஷம் சம்பளம் யார் கொடுப்பது!

புனேயிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2020 கடைசியில் மாநகராட்சி ஒப்பந்தம் முடிந்தபோது, வேலையைத் தனியாருக்குக் கொடுக்கும் பேச்சு எழுந்தது. அந்தப் பெண்கள் மறுபடி தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

மாணவத் தோழர்கள் ஆய்வுக்காக இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் போகிறீர்கள். எத்தனை டன் குப்பை மிச்சமானது என்று கணக்கெடுத்து வருகிறீர்கள். விலையை யார் வைக்கிறார்கள், அதில் பொறுக்குகிறவருக்கு எவ்வளவு, நிர்வாகக் குழுவில் அவர்கள் எத்தனை பேர், என்ன சாதிக்காரர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கிடைத்த பதிலை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம். ஜெய் பீம்.