முதல் நாள் ஜெயிக்க வேண்டாம்... கார் பத்திரமாக வீடு திரும்பினால் போதும்!

அமெரிக்காவில் பல வீட்டு கராஜ்களில் ஒரு பழைய கார் தூங்கிக்கொண்டிருக்கும். அப்பாவோ தாத்தாவோ இளவயதில் ஆசையாக வாங்கிய கார். நீளமான பானெட், இரண்டே கதவுகள், உள்ளே பெரிய வி-8 இன்ஜின். சாவியைத் திருகினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மசில் கார் என்று கொண்டாடப்படும் ரகம் இது.

அந்த கார் ஒருநாள் பேரன் கைக்கு வருகிறது. துடைக்கிறான், பெட்ரோல் போடுகிறான், ஊரை ஒரு சுற்று சுற்றுகிறான். அடுத்த வாரமே மனசுக்குள் கேள்வி முளைக்கிறது. "இது உண்மையிலேயே எவ்வளவு வேகம் போகும்?"

இந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆளில்லாத நெடுஞ்சாலை. இன்னொன்று, டிராக் ரேஸ் டிராக். முதலாவது இடத்தில் தேடியவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. இரண்டாவது இடம் உருவானதே அதனால்தான்.

விமானம் ஓடிய பாதையில் கார்

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். நேர்கோடாக ஒரு பாதை, அருகருகே இரண்டு கார்கள், நின்ற நிலையிலிருந்து புறப்பாடு. தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி. நம் கணக்கில் சுமார் 402 மீட்டர். பல ஊர்களில் இதில் பாதித் தூரமான 660 அடிக்கும் டிராக்குகள் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ராணுவத்திலிருந்து திரும்பிய இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, இன்ஜினைத் தட்டிக்கொட்டி வேகமாக்கி, தெருவில் பந்தயம் விட்டார்கள். விபத்துகள், போலீஸ் துரத்தல், பெற்றோர் கண்ணீர். 1950-ல் கலிபோர்னியாவின் சான்டா அனா விமான நிலைய ஓடுபாதையில் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். விமானம் ஓட நேராகப் போட்ட பாதை, காருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. சென்னைக்கு அருகே சோழவரத்தில் பல ஆண்டுகள் ரேஸ் நடந்ததும் இப்படிப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில்தான்.

1951-ல், 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். என்.ஹெச்.ஆர்.ஏ. என்பது அதன் சுருக்கம். பையன்களைத் தெருவிலிருந்து டிராக்குக்குக் கொண்டு வருவதுதான் நோக்கம். 1954-ல் அந்தச் சங்கத்தின் ஒரு குழு, காருக்குப் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பாதுகாப்பாகப் பந்தயம் நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தது.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரத் தெருக்களில் பந்தயம் விட்டுத் திரிந்த ஓர் இளம்பெண்ணும் டிராக்குக்கு வந்தார். ஷெர்லி மல்டவ்னி. டிராக் ரேஸிங்கின் உச்சப் பிரிவான டாப் ஃபியூவலில் 1977, 1980, 1982 என மூன்று முறை சாம்பியன் ஆனவர் அவர்.

மசில் கார் பிறந்த கதை

1964-ம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.தான் மசில் கார் அலையைத் தொடங்கியது என்பார்கள். சூத்திரம் எளிது: நடுத்தர அளவு காருக்குள், பெரிய காருக்கான இன்ஜினைத் திணிப்பது. 6.4 லிட்டர் வி-8 இன்ஜின், 325 குதிரைத்திறன். அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. பின்னாலேயே செவர்லே கமாரோ, பிளைமவுத் ரோட் ரன்னர் என வரிசை கட்டின. இன்ஷூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973-ன் பெட்ரோல் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்த அலையை அடக்கின. அதனால் இந்த கார்களில் நல்ல நிலையில் இருப்பவை இன்று பொக்கிஷம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த கார்கள் நேராகப் பாய்வதற்குச் செய்யப்பட்டவை. நிற்பதற்கு அவ்வளவு அக்கறை காட்டப்படவில்லை. பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். சூடானால் பிடிமானம் குறையும். 1960-களின் மத்தி வரை வந்த பல கார்களில், முன் பின் பிரேக் இரண்டுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் கசிந்தால் மொத்த பிரேக்கும் காலி. தோளோடு சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட் பலவற்றில் கிடையாது.

எனவே குதிரைத்திறனைக் கூட்டுவதற்கு முன்னால் செலவு செய்ய வேண்டிய இடங்கள் வேறு: பிரேக், டயர், பெட்ரோல் குழாய்கள், சீட் பெல்ட். ஐம்பது வயது ரப்பர் குழாய் வீட்டு வாசலில் கசிந்தால் தரைதான் கறையாகும். முழு வேகத்தில் சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தீ.

முதல் நாள் என்ன நடக்கும்?

புதியவர்கள் நேராகப் போட்டியில் குதிக்கத் தேவையில்லை. பெரும்பாலான டிராக்குகளில் 'டெஸ்ட் அண்ட் டியூன்' என்று பயிற்சி நேரம் ஒதுக்குவார்கள். கட்டணம் கட்டி, காரை ஓட்டிப் பார்த்து, நேரம் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு வரலாம். பரிசு கிடையாது, தோல்வியும் கிடையாது.

முதலில் கார் சோதனை. பேட்டரி ஆடாமல் கட்டியிருக்கிறதா, ஆக்ஸிலரேட்டரைவிட்டுக் காலை எடுத்தால் உடனே பழைய நிலைக்கு வருகிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமா, எங்காவது எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அலங்காரத்துக்கு மாட்டிய வீல் கப்பைக் கழற்ற வேண்டும். டிக்கியிலும் சீட்டுக்கு அடியிலும் உருளும் பாட்டில், ஸ்பேனர் எல்லாம் வெளியே வர வேண்டும். அரை டிராயர், செருப்புக்கு அனுமதி இல்லை. முழுக்கால் பேன்ட்டும் மூடிய ஷூவும் கட்டாயம்.

சங்கத்தின் விதிப்படி கால் மைலை 13.99 வினாடியிலோ அதைவிட வேகமாகவோ கடக்கும் காருக்கு ஹெல்மெட் கட்டாயம். பழைய கார் 11.49 வினாடியைத் தொட்டால், தலைக்கு மேல் இரும்புக் குழாய் வளையமான ரோல் பார் வேண்டும். 9.99-க்குப் போனால் முழுக் கூண்டும், ஓட்டுபவருக்குத் தனி லைசென்ஸும் தேவை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் மசில் கார்கள் பெரும்பாலும் 13 முதல் 15 வினாடிகள் எடுத்துக்கொள்பவை. ஆனாலும் ஹெல்மெட்டோடு போவதே புத்திசாலித்தனம்.

அடுத்து, டயரைச் சூடாக்கும் இடம். தரையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். பட்டன் இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்காரர்கள் அதில் நின்று சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்புவார்கள். அதைப் பார்த்துச் சாதாரண ரோடு டயர்காரரும் தண்ணீரில் இறங்கினால் தப்பு. டயரின் பள்ளங்களில் தண்ணீர் தங்கி, புறப்படும் கோட்டையே ஈரமாக்கிவிடும். பின்னால் வருபவரும் வழுக்குவார். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போய், லேசாக ஒரு முறை சுழற்றினால் போதும்.

விளக்கு மரத்தின் முன்னால்

புறப்படும் கோட்டில் நிற்கும் விளக்குக் கம்பத்துக்குப் பெயர் 'கிறிஸ்துமஸ் மரம்'. 1963 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு கொடி அசைத்துத்தான் பந்தயத்தைத் தொடங்கினார்கள்.

காரை மெதுவாக நகர்த்தினால், முன் சக்கரம் ஓர் ஒளிக்கற்றையை மறைக்கும். முதல் விளக்கு எரியும். இன்னும் சில அங்குலம் நகர்ந்தால் இரண்டாவது விளக்கு. இப்போது கார் சரியான இடத்தில் நிற்கிறது. பிறகு மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிந்து, பச்சை வரும். பழகியவர்கள் பச்சைக்குக் காத்திருக்க மாட்டார்கள். கடைசி மஞ்சள் எரியும்போதே கால் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அவசரப்பட்டு முந்தினால் சிவப்பு. போட்டியாக இருந்தால் அங்கேயே கதை முடிந்தது.

முதல் ஓட்டத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பின் சக்கரம் அதே இடத்தில் சுழலும், கார் நகராது. கொஞ்சம் மிதித்து, கார் பிடித்து நகர ஆரம்பித்ததும் முழுதாக அழுத்த வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பிரேக்கில் ஏறி நிற்கக் கூடாது. முன்னால் நீளமான பாதை இருக்கிறது. அதில் நிதானமாக வேகம் குறைத்து, பக்கத்துப் பாதையில் குறுக்கே பாயாமல் வெளியேற வேண்டும். வழியில் இன்ஜினிலிருந்து சத்தமோ புகையோ வந்தால், ஓரம் கட்டி நிறுத்துவதுதான் மரியாதை. சிந்திய எண்ணெய், அடுத்து வருபவரின் உயிரோடு விளையாடும்.

வேகமான காரை மெதுவான கார் ஜெயிக்குமா?

ஜெயிக்கும். இன்றைய சில மின்சார கார்கள் சத்தமே இல்லாமல் கால் மைலை 10 வினாடிக்குள் கடக்கின்றன. தாத்தாவின் கார் அவற்றோடு நேருக்கு நேர் மோதினால் நடப்பது என்னவென்று சொல்லவே வேண்டாம். ஆனால் 'பிராக்கெட் ரேஸ்' என்றொரு முறை இருக்கிறது. புதியவர்களின் சொர்க்கம் அது.

போட்டிக்கு முன்பே ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று கணித்து, கண்ணாடியில் எழுத வேண்டும். அதற்கு 'டயல்-இன்' என்று பெயர். பழைய கார் 14.50, எதிராளி 11.20 என்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசமான 3.30 வினாடி முன்னதாகவே பழைய காருக்குப் பச்சை விழும். இருவரும் தாங்கள் எழுதிய கணக்கை அப்படியே காப்பாற்றினால், எல்லைக்கோட்டில் ஒன்றாகத்தான் வந்து சேருவார்கள்.

இப்போது பாருங்கள். பச்சை விழுந்து 0.08 வினாடியில் பழைய கார் புறப்படுகிறது. 14.56-ல் ஓடி முடிக்கிறது. எழுதியதைவிட 0.06 அதிகம். மொத்த இழப்பு 0.14. எதிராளி 0.05-ல் புறப்பட்டாலும் 11.31-ல் முடிக்கிறார். எழுதியதைவிட 0.11 அதிகம். மொத்த இழப்பு 0.16. ஜெயித்தது பழைய கார், வெறும் 0.02 வினாடியில்!

சரி, வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டி எழுதினால்? அதற்கும் பூட்டு உண்டு. எழுதியதைவிட வேகமாக ஓடினால் 'பிரேக்-அவுட்', அதாவது தோல்வி. இருவருமே மீறினால், குறைவாக மீறியவருக்கு வெற்றி.

ஆக, இங்கே எதிரி பக்கத்துப் பாதையில் இல்லை. கண்ணாடியில் எழுதிய எண்தான் எதிரி. அதனால் அனுபவசாலிகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். டயர் காற்று எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, வெயிலா குளிரா என்று ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எழுதுவார்கள். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் இன்ஜினின் சக்தி குறையும். மதியம் ஓடிய அதே கார் இரவுக் குளிரில் இன்னும் வேகமாக ஓடும்.

நேரச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரியை அல்ல. முதல் 60 அடியை எத்தனை வினாடியில் கடந்தது என்பதைத்தான். புறப்பாடு சரியானால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

ஆசைக்கு ஓர் அணை

இரண்டு மூன்று முறை ஓட்டியதும் அடுத்த ஆசை வரும். "டயர் வழுக்குகிறதே, நல்ல பிடிமானமான ரேஸ் டயர் போட்டால் என்ன?" இங்கேதான் பல பழைய கார்கள் உடைகின்றன. டயர் வழுக்குவது வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் போவது மாதிரி. அது அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. டயர் தரையைக் கவ்விப் பிடித்துவிட்டால், அந்த அடி முழுவதும் கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் அச்சு என்று போய் இறங்கும். ஐம்பது வருட இரும்பு எத்தனை முறை பொறுக்கும்?

இன்ஜின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தொழிற்சாலையில் இந்த காருக்கென்றே பொருத்திய இன்ஜின் இன்றும் அதிலேயே இருந்தால், காரின் மதிப்பு பல மடங்கு. அது வெடித்தால் வேறு இன்ஜின் வாங்கலாம், அந்த மதிப்பை வாங்க முடியாது. அதனால் பலர் அசல் இன்ஜினை இறக்கிப் பத்திரமாக வைத்துவிட்டு, ரேஸுக்கு வேறொன்றைப் பொருத்துகிறார்கள். அதற்கு வசதி இல்லாதவர்கள் ரோடு டயரோடு, 660 அடி டிராக்கில், மாதம் ஒரு நாள் ஓட்டித் திருப்தி அடைகிறார்கள். அதிலும் ஒரு குறைவும் இல்லை. பிராக்கெட் ரேஸில் 14 வினாடி காருக்கும் 11 வினாடி காருக்கும் ஒரே மரியாதைதான்.

முதல் நாள் முடிந்து பேரன் வீடு திரும்பும்போது, கையில் நான்கைந்து நேரச் சீட்டுகள் இருக்கும். தாத்தா உயிரோடிருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் கேட்பது நேரத்தை அல்ல. "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்பார். "ஒண்ணும் ஆகலை தாத்தா" என்று சொல்ல முடிந்தால், அதுதான் அன்றைய கோப்பை. அடுத்த வாரம் மறுபடியும் போகலாம்.