அலைன்மென்ட்டுக்கு முன் அடியில் பாருங்கள்



சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வரும் கார்களை இலஞ்சியில் நிறுத்தியிருக்கும்போது கவனித்தால், பலவற்றில் முன் டயர் வெளியே புதுசாகவும் உள்விளிம்பில் மொழுக்கென்றும் இருக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, குனிந்து பார்த்தால்தான் தெரியும். அந்த டயரோடுதான் மழையில் புளியரை எஸ் வளைவில் இறங்குகிறார்கள்!

நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் போனால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) அல்லது டோ (சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) விலகியிருக்கும். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகக் குத்தினால் பெரும்பாலும் டோ கோளாறுதான். காருக்கு டயர் பட்டன் (ட்ரெட்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக்கூடாது என்பது சட்டம். உள்விளிம்புக்கும் அது பொருந்தும்.

சாலைப் பள்ளத்தில் விழுந்து இந்தக் கோணங்கள் விலகிய வண்டியை நேராக அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவதுதான் என் வருத்தம். சக்கரத்தின் இணைப்புகளான டை ராட் எண்டும் பால் ஜாயிண்டும் ஆடிக்கொண்டிருந்தால் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது, காசுதான் கரையும். முதலில் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

சாலைப் பள்ளங்களையும் சீசன் முடிந்த பிறகு அல்ல, ஜூனுக்கு முன்பே அடைக்க வேண்டும்.

— ஒரு வாசகர், இலஞ்சி