ஒதுக்கினால் நோய் ஓடிவிடுமா?



"அவங்க வீட்ல ஒருத்தருக்கு டி.பி.யாம். அவ டிபன் பாக்ஸைத் தொடாதே!" நம்மில் சிலர் இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இது சரியா? கொஞ்சம் யோசிப்போம்.

காசநோய் யாருடைய பாவமும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை. அது ஒரு கிருமி. 1882-ல் ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் பரவும். கை கொடுத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது.

அந்தக் காலத்தில் நோயாளிகளைச் சானடோரியத்தில் தனியாக வைத்தார்கள். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்ததே அப்படித்தான். ஆனால் 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவை உலகமே ஏற்றுக்கொண்டது. நம்ம ஊர் சொன்ன பாடத்தை நாமே மறக்கலாமா?

ஒதுக்கினால் என்ன நடக்கும்? பயந்துபோய் நோயை மறைப்பார்கள். பரிசோதனைக்குப் போக மாட்டார்கள். மாத்திரையைப் பாதியில் விடுவார்கள். பிறகு மருந்துக்கே அடங்காத காசநோயாக அது மாறலாம். அது எல்லாருக்கும் ஆபத்துதானே?

2 வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். பெரும்பாலும் 6 மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

"எங்க வீட்ல ஒருத்தருக்கு டி.பி." என்று ஒரு தோழி பயமில்லாமல் சொல்ல முடிகிற வகுப்பாக நம் வகுப்பு இருக்கட்டும்!

– 9-ஆம் வகுப்பு மாணவி