மூட்டு மாற்று ஆபரேஷன்: லீவு முழுசையும் ஆஸ்பத்திரியிலேயே தீர்த்துடாதீங்க!

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இனி ரெண்டு மாசத்துக்கு அம்மா கட்டிலை விட்டு இறங்கவே கூடாது." முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால், புது மூட்டு சரியாக மடங்காமல் போவதற்கு இந்தப் பாசமும் ஒரு காரணமாகிவிடுகிறது.

தேய்ந்த மூட்டை டாக்டர் மாற்றிக் கொடுப்பார். அதை மடக்கிப் பழகும் வேலை நோயாளியுடையது. அவரை தினமும் அதைச் செய்யவைக்கும் வேலை நம்முடையது.

ஏன் இறுகிப்போகிறது?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீக்கமும் வலியும் இருக்கும். காயம் ஆறும்போது மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு உருவாகும். வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே வைத்திருந்தால், அந்தத் திசு இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கவைக்கிறார்கள்.

எவ்வளவு மடங்கணும்?

காலை நேராக நீட்டி வைப்பது 0 டிகிரி. சமதளத்தில் நடக்க சுமார் 65-70 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்க 85-100 டிகிரி வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 95-105 டிகிரி தேவை. அதாவது, 70 டிகிரியிலேயே நின்றுவிட்டால் அம்மா ஹாலில் நடப்பார். பஸ் படி ஏறத் திணறுவார். "நல்லா நடக்கிறாங்களே" என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மடங்குவது போலவே, முழுசாக நீள்வதும் முக்கியம். சுகமாக இருக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது பலருடைய பழக்கம். அப்படியே விட்டால் கால் நேராகாமல் வளைந்தே நின்றுவிடலாம். தலையணையைக் குதிகால் பக்கம் வையுங்கள்.

மெஷின் பார்த்துக்காதா?

காலைத் தானாக மடக்கி நீட்டும் சிபிஎம் மெஷினை வாடகைக்கு எடுப்பவர்கள் உண்டு. 24 ஆய்வுகளை அலசிய 2014-ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின்படி, அதனால் கூடுதலாகக் கிடைத்த மடக்கம் சுமார் 2 டிகிரிதான். குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குவது, தொடைத் தசையை இறுக்கி விடுவது, காலை நேராகத் தூக்குவது என்று நோயாளி தானே செய்யும் பயிற்சிகளுக்கு அது மாற்றாகாது.

நம்ம பிளான்ல எங்கே ஓட்டை?

2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது நிர்ணயித்த விலை 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்த மூட்டு, என்ன விலை, எந்த டாக்டர் என்று நாமும் நாள்கணக்கில் கூகுள் செய்கிறோம். பிசியோதெரபிக்கு எவ்வளவு ஆகும், யார் வருவார்கள் என்று கேட்பதே இல்லை.

லீவு விஷயமும் அப்படித்தான். கையில் இருக்கும் 5 நாள் லீவை ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே தீர்த்துவிடுகிறோம். அங்கே பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் "இன்னிக்கு வேணாம், வலிக்குது" என்பது ஆரம்பிக்கும். நாம் பக்கத்தில் இருக்க வேண்டிய நாள்கள் அவைதான். அண்ணன், தங்கை என்று முறைவைத்து, முதல் 6 வாரங்களுக்கு லீவையும் வொர்க் ஃப்ரம் ஹோமையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன பண்ணலாம்?

* டிஸ்சார்ஜுக்கு முன்பே பயிற்சிப் பட்டியலை எழுதி வாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டுவதை, அவரிடம் கேட்டுவிட்டு, போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.
* வலி மாத்திரையை எப்போது போட்டால் பயிற்சி செய்ய வசதி என்று டாக்டரிடம் கேளுங்கள்.
* வாரம் ஒருமுறை, கால் மடங்கிய நிலையில் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். முன்னேற்றம் தெரிந்தால் அம்மாவுக்கும் உற்சாகம் வரும்.
* டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவில் பிசியோதெரபி வருமா என்று இன்ஷூரன்ஸ் பாலிசியில் பாருங்கள்.
* தனியாக செலவு செய்ய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு.

மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வாரங்கள் கடந்தும் 90 டிகிரி வரவில்லை என்றால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை இருக்கிறது. முதல் 3 மாதங்களுக்குள் செய்தால்தான் அதில் பலன் அதிகம். காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி, தாங்கக்கூடிய வலி இருக்கத்தான் செய்யும். "ரெஸ்ட் எடும்மா" என்று சொல்வது சுலபம். "இன்னும் பத்து தடவை மடக்கும்மா" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவதுதான் அந்த நேரத்தில் அம்மாவுக்குத் தேவைப்படும் உதவி.